காற்று படாத தகடு

தருமபுரியில் ஒரு கல்லூரி. அதன் இயற்பியல் கட்டிடத்தைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. பரீட்சை முடிந்ததும் மேசைகளில் ஒட்டிய நம்பர் ஸ்டிக்கர்களை உரிப்பதும் நான்தான். மற்றவர்கள் சுரண்டுவார்கள், பாதிக் காகிதம் மேசையிலேயே நிற்கும். நான் ஓரத்தை நகத்தால் கிளப்பி, இழுப்பது தெரியாமல் இழுப்பேன். முழுசாக வரும். "ஒரு மேசைக்கு ஒரு நாளா ஆயா?" என்று சூப்பர்வைசர் கத்துவார். கத்தட்டும். நான் உரித்த மேசையில் பிசுக்கு இருக்காது.

அந்தக் கையால்தான் கறுப்புப் பாஸ்பரஸையும் உரித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு அந்தப் பெயர் வாயில் வர ஒரு வாரம் ஆனது. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் எங்கள் கட்டிடத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். உடைந்த பென்சில் முனை மாதிரி மினுக்கும் அந்தக் கறுப்புப் பாஸ்பரஸ் கல்லை டேப்பில் ஒட்டுவாள், மடிப்பாள், உரிப்பாள். ஒவ்வொரு தடவையும் அது பிளந்து மெலியும். கடைசியில் சில அணு கனத்துக்கு ஒரு தகடு நிற்கும். தலைமுடிக் கனத்துக்குள் அப்படி ஆயிரக்கணக்கில் அடுக்கலாமாம். ஆனால் அந்த மெல்லிசுக்குக் காற்று ஆகாது. வெளியே எடுத்தால் ஒரு மணி நேரத்தில் மேலெல்லாம் வேர்க்குரு மாதிரி நீர்க்கொப்புளம் எழும்பிக் கெட்டுப்போகும்.

அதனால் எல்லாம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்தான். உள்ளே காற்று இல்லை, நைட்ரஜன். முன்பக்கம் இரண்டு நீள ரப்பர் கையுறை. அதற்குள் கைவிட்டு வேலை செய்ய வேண்டும். பக்கவாட்டில் ஒரு சின்ன அறை. சாமான் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். அதற்கு வெளிக்கதவு ஒன்று, உள்கதவு ஒன்று.

போன ஆயுதபூசைக்கு, வெள்ளிக்கிழமை காலையில், மிஷின்களை எல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அந்தச் சின்ன அறையின் வெளிக்கதவு திறந்திருந்தது. ஈரத்துணியால் உள்ளே நன்றாகத் துடைத்து, மூன்று விரல் சந்தனம் இழுத்து, நடுவில் பொட்டும் வைத்து மூடினேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

பூசை முடிந்து பொரி கடலை தின்றுகொண்டே வந்த பெண், கவனிக்காமல் அதில் சாமானை வைத்து, காற்றை உறிஞ்சவிட்டு, உள்கதவைத் திறந்தாள். பெட்டிக்குள் ஈரம் எவ்வளவு என்று காட்டும் எண் ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். அது மடமடவென்று ஏறியது.

"ஆயா! உள்ள சந்தனம் யாருங்க வெச்சது?"

"நாந்தான் கண்ணு. எல்லாத்துக்கும் வெச்சிட்டு இதுக்கு மட்டும் வெக்காம வுட்டா மனசு கேக்குமா?"

"சொட்டு ஈரம் ஆவாதுன்னு எத்தன வாட்டி சொன்னேன்!"

"பெட்டிக்குள்ள ஆவாதுன்ன. நான் வெளிக்கதவத் தொறந்துதான வெச்சேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. உள்ளே திறந்தபடி வைத்திருந்த மூன்று தகடும் நுண்ணோக்கித் திரையில் கொப்புளமாய்த் தெரிந்தன. திங்கள் காலை பெங்களூரில், தகட்டில் கரண்ட் ஓடுவதை அளக்கும் ஒரு பெரிய மிஷினில் அவளுக்கு முறை. மாதக்கணக்காகக் காத்துக் கிடைத்தது. கையில் நல்ல தகடு இல்லாவிட்டால் முறை போய்விடும். அங்கே எடுக்கும் அளவு இல்லாமல் பட்டத்துக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது.

நான் ஓடவில்லை. அவள் கொடுத்த ஸ்பிரிட்டால் சந்தனத்தைத் தடமில்லாமல் எடுத்தேன். லீவு நாளிலும் இரண்டு பேரும் வந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஞாயிறு காலை அது ஒன்றுக்குக் கீழே இறங்கியது.

அவள் உரித்தாள். தூளாய் வந்தது. மறுபடி உரித்தாள், மறுபடியும் தூள். நாலாவது தடவை அவசரத்தில் டேப்பை வெடுக்கென்று இழுத்தாள்.

"நகரு பாப்பா. நான் இழுக்கறேன்."

"இது ஸ்டிக்கர் இல்லைங்க ஆயா."

"ஒட்டியிருக்குதில்ல? எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

வேறு வழியில்லாமல் நகர்ந்தாள். ரப்பருக்குள் முதலில் ஒன்றும் புலப்படவில்லை. கொஞ்சம் பொறுத்தேன். பிறகு டேப் பிடித்திருக்கும் இடமும் விடும் இடமும் விரலுக்குத் தெரிய ஆரம்பித்தன. அரை விரல்கடை உரிக்க ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் எடுத்துக்கொண்டேன்.

"இன்னுமா ஆயா?"

"பஸ்ஸா போயிரும்? சும்மா இரு."

டேப் விட்டது. அவள் உள்ளேயிருந்த நுண்ணோக்கியை நகர்த்தித் திரையில் தேடினாள். கறுப்புக் கட்டிகள், கட்டிகள், அவற்றின் நடுவே கஞ்சி காய்ந்த தடம் மாதிரி வெளிறி, மெல்லிசாய் ஒரு துண்டு. அவள் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் தடியோடு ஓடி வந்தார்.

"எங்கம்மா பாம்பு?"

"பாம்பில்லைங்க, தகடு! எம்மாம் பெருசு பாருங்க!"

அவர் திரையைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி அடிக்கவில்லை.

அதற்கு மேல் போர்த்த இன்னொரு மெல்லிய தகடு உண்டு, போரான் நைட்ரைடு. காற்று அதை ஒன்றும் செய்யாது. அதை ஒரு தெளிந்த பசைத்துண்டில் தூக்கி, திருகைத் திருகித் திருகி மேலே இறக்கினாள். அது அவள் வேலை. அதில் நான் தலையிடவில்லை. தொட்ட இடத்தில் நிறம் மாறி, அந்த நிறம் மெல்லப் பரவியது. மூடிவிட்டது.

ஆனால் மூடியது வெளிக்காற்றைத் தாங்குமா? ரயிலில் போக வேண்டுமே. பெட்டிக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். அவளுக்கு இறங்கவில்லை, என் பங்கோடு அவள் பங்கையும் நானே தின்றேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த சில்லுகள் எல்லாம் வேர்த்துக் கொப்பளித்திருந்தன. போர்வைக்குள் ஒரு குரு இல்லை.

"ஆயா, சுத்தமா இருக்குது! அப்படியே இருக்குது!" என்று என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். முழங்கால் வலியை மறந்து நானும் சுற்றினேன்.

சாயங்கால ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன், போன் வந்தது.

"மிஷின் திரையில கோடு ஏறுதுங்க ஆயா! நம்ம தகடு நல்லா வேலை செய்யுது!"

"யாரு உரிச்சதுன்னு அங்க சொன்னியா?"

"சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க."

"நம்பாட்டி கையோட கூட்டிக்கிட்டு வா. எதிர்லயே இன்னொண்ணு உரிச்சிக் காட்டறேன். ஆனா அவசரப்படுத்தக் கூடாதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வா."