அப்பனும் மகனும் வாய் மோந்த கதை

மகனின் ஹாக்கி டவுசரைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்று விழுந்தது. உதட்டுக்கடியில் ஒதுக்கிவைக்கிற புகையிலை. பத்தாம் வகுப்புப் பையன்! எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பயிற்சியாளருக்குத் தெரிந்தால் அணியை விட்டே அனுப்பிவிடுவார். பிள்ளைக்கு அந்த மைதானம்தான் உயிர்.

இது பக்கத்து வீட்டுப் பையன் வேலைதான் என்று அங்கேயே முடிவு கட்டினேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நல்லது கெட்டதில் எங்களோடு ஒன்றாய் நிற்பவர்கள்தான். ஆனாலும் கோபம் வந்தால், ‘அவிய வளப்பே அப்படி’ என்று மனசு கிளம்பிவிடுகிறதே! பொட்டலத்தோடு தெருவில் இறங்கினேன். எதிரே அந்த வீட்டு அக்கா வந்துகொண்டிருந்தார். அவர் கையிலும் அதே பொட்டலம்.

“ஒம் மவன்தான் எம்புள்ளையக் கெடுத்தது!” என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

பையன்கள் இரண்டு பேரையும் வாசலில் நிறுத்தினோம். “யாருலே பழக்கிவிட்டது?” என்றேன்.

“பல்லு வலிச்சப்போ அப்பாதான் ஒரு துணுக்கு வச்சுவிட்டாவ. பெறவு வலிக்காமலே வைக்கணும்னு தோணிச்சு” என்றான் என் மகன்.

“எங்க நைனாவும் அப்படித்தான்” என்றான் மற்றவன்.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “எக்கா, இதுல ரெண்டு வீடும் ஒரே சாதிதான்” என்றேன். “சிரிக்காதட்டி, மானம் போவுது” என்று சொல்லிக்கொண்டே அவரும் சிரித்தார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் மிளகாய்க் காட்டிலிருந்து வந்தார், கன்னம் உப்பலாக. விஷயத்தைச் சொன்னதும் மகனிடம், “தோல உரிச்சிருவேன்” என்று குதித்தார்.

“நீங்க விடுங்கப்பா, நானும் விடுதேன்” என்றான் அவன். மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே!

மறுநாளிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வாய் மோந்து பார்ப்பது வழக்கமாயிற்று. “ஆ காட்டுலே” என்பார் அவர். “நீங்களும் காட்டுங்க” என்பான் இவன். பக்கத்து வீட்டில் இதே கூத்து தெலுங்கில் நடந்தது. வீட்டுக்காரர் நாளெல்லாம் பொரிகடலையை மென்றுகொண்டு, ஒன்றுமறியாத ஆடுகள்மேல் எரிந்து விழுந்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் இரங்கவில்லை.

ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டு வந்தவரிடம் மகன் மோந்து பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினான். போச்சு, இனி இவனை எந்த வாயால் கண்டிப்பது?

அவனோ, “நீங்க போட்டுட்டீங்கன்னு நான் போடமாட்டேன்ப்பா” என்றான்.

அவர் எழுந்து அடிபம்புக்குப் போய், குடம் நிரம்புகிற அளவுக்குத் தண்ணீர் அடித்து வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார். மீசையில் நீர் சொட்ட வந்து மகன் முன்னால் குனிந்தார்.

“இன்னொரு தடவ பாருலே, ஐயா” என்றார்.