மெத்தை விளம்பர நேரம்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்லைட்டை அணைத்துவிடுவார் நிவால்தோ. மாலை ஆறரை மணி. ஹவானாவில் கரண்ட் போயிருக்கும்; கடலோரச் சாலையில் ஒரு விளக்கு எரியாது. அந்த இருட்டுக்குள் ஐம்பத்தாறாம் வருடத்துப் பிளிமத் கார் தடவித் தடவிப் போகும். பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஷேர் டாக்ஸி ஜனங்கள் அலறுவார்கள்.

"யோவ் கிழவா, லைட்டைப் போடுய்யா! எங்களை மீனுக்குப் போடப் போறியா?" என்று முன்சீட்டிலிருந்து கத்துகிறவள் இதால்மிஸ். ஆஸ்பத்திரி நர்ஸ். தினமும் இந்த வண்டியில்தான் வீட்டுக்குத் திரும்புவாள்.

"கத்தாதே பொண்ணே. மெத்தை வரப்போகுது."

மெத்தை வரும். பழைய வால்வு ரேடியோவில், கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் மயாமியிலிருந்து ஓர் இளைஞனின் குரல்: "முதுகு வலிக்குதா, சொந்தங்களே? எங்க மெத்தையில ஒரு தடவை படுத்துப் பாருங்க, எந்திரிக்க மனசே வராது!" அவ்வளவுதான். நிவால்தோ லைட்டைப் போடுவார். போட்ட கையோடு ரேடியோ 'ங்ஙொய்ய்ங்' என்று இரைய ஆரம்பிக்கும். இவர் முகமும் அதோடு சேர்ந்து விழுந்துவிடும்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லாமல் மனிதரைப் பற்றிச் சொல்ல முடியாது. எஞ்சின் ஏதோ ஒரு டீசல் வேனுடையது. பிரேக் ரஷ்யக் காரிலிருந்து கழற்றியது. சீட்டுத்துணி முன்னாள் மாமியார் வீட்டுத் திரைச்சீலை. கண்ணாடி இறக்குகிற கைப்பிடி மொத்த வண்டிக்கும் ஒன்றே ஒன்று. அது அவர் சட்டைப்பையில் இருக்கும். காற்று வேண்டும் என்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்து, மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்வார். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் போதும், "உங்க வீட்டு ஃப்ரிட்ஜா அது? மெல்ல, மெல்ல!" என்று கழுத்தை நீட்டுவார். வண்டியோடு பிறந்தது என்று மிச்சமிருப்பது ரேடியோ ஒன்றுதான்.

மெத்தை விற்கும் அந்தக் குரல் அவருடைய மகன் ஒஸ்மானியுடையது. ஊரை விட்டுப் போகிறேன் என்று அவன் வந்து நின்ற அன்று, விமான நிலைய வாசலில், நாலு பேர் பார்க்க, "இனிமே உன் குரலே என் காதுல விழக் கூடாது" என்று சொல்லிவிட்டார். சொல்லக்கூடிய வார்த்தையா அது? பையன் அப்பாவுக்கு அடங்கினவன். போனவன் போனே செய்யவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் பேஸ்பால் ஆட்டத்தைத் தேடி ரேடியோவைத் திருகும்போது அந்தக் குரல் வந்து விழுந்தது. அன்றைக்கு நிவால்தோ நடுரோட்டில் வண்டியை நிறுத்தியதில் பின்னால் வந்த பஸ்காரன் அவருடைய மூன்று தலைமுறையையும் திட்டினான்.

அவருக்கு விளம்பரம் முக்கியமில்லை. 'முதுகு' என்று தொடங்குவதற்கு முன்னால் ஒஸ்மானி இழுக்கிற மூச்சு இருக்கிறதே, அதுதான் முக்கியம். சின்ன வயதில் அவனுக்கு ஆஸ்துமா. மூச்சு விசிலடிக்க, இதே முன்சீட்டில் அவனைச் சாய்த்துப் போட்டு எத்தனையோ தடவை ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கிறார். "இன்னிக்கு மூச்சு சுத்தமா இருக்கு" என்பார். இல்லாவிட்டால், "ஈரக்காத்துல திரியறான் போல, கழுதை" என்பார். அன்றைய நாள் நல்லதா கெட்டதா என்பது அந்த ஒரு மூச்சில் முடிவாகிவிடும்.

இரைச்சல் வந்தது ஹெட்லைட்டில் மாட்டிய எல்.இ.டி. பல்புகளால். பழைய பல்பு இரண்டும் போய்விட்டன, வேறு கிடைக்கவில்லை, போலீஸ்காரன் வேறு எச்சரித்துவிட்டான். அந்தச் சமயத்தில் மயாமியிலிருந்து வந்த ஒரு பெண் இரண்டு புது பல்புகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்க பையன் குடுத்தாரு" என்றாள். வேறு சேதி எதுவும் இல்லை. அப்பா இருட்டில் ஓட்டக் கூடாது என்று அவன் அனுப்பிய வெளிச்சம், அவனுடைய குரலையே விழுங்கிவிட்டது. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

"கழட்டிப் போட்டுட்டு வேற பல்பு தேடுய்யா" என்றாள் இதால்மிஸ்.

"புள்ள அனுப்பினதைக் கழட்டுறதா? உனக்கு வாய்ல நல்ல வார்த்தையே வராதா?"

"அப்போ ஒரு போன் பண்ணித் தொலையேன். நம்பரை ஒரு நிமிஷத்துல தேடித் தர்றேன்."

"பேசாதேன்னு சொன்ன வாய் இது. இதை வச்சுக்கிட்டு எப்படிப் பேசறது?"

ஞாயிற்றுக்கிழமைகளில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். ஏரியல் அடியில் துருவைச் சுரண்டினார், இரைச்சல் அசையவில்லை. பல்புக்குப் போகும் வயரை ஏரியல் வயரிடமிருந்து விலக்கிக் கட்டினார்; கொஞ்சம் குறைந்தது. ஒரு பல்பைப் பிடுங்கிக் கேட்டார், மற்றதைப் பிடுங்கிக் கேட்டார். இடது பக்கம்தான் பெரிய ராட்சசன். கடைசியில் இதால்மிஸ் ஆஸ்பத்திரியில் செத்துக் கிடந்த கம்ப்யூட்டர்களின் கேபிள்களை அறுத்து வந்தாள். அந்தக் கேபிளில் கொழுக்கட்டை மாதிரி புடைத்திருக்குமே, அதை உடைத்தால் உள்ளே ஒரு கறுப்பு வளையம் இருக்கும். பல்பு வயரை அந்த வளையத்துக்குள் விட்டுப் பல சுற்றுச் சுற்றினால் இரைச்சல் அடங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

சுற்றினார். லைட்டைப் போட்டார். ரேடியோ சுத்தமாகப் பாடியது.

"ஜெயிச்சிட்டே கிழவா!" என்று இதால்மிஸ் டாஷ்போர்டில் தட்டினாள். நிவால்தோ அவள் கன்னத்தில் முத்தமிட்டார். மறுநாள் சாயங்காலம் லைட் எரிய, பிளிமத் மாப்பிள்ளைக் கார் மாதிரி கடலோரச் சாலையில் போயிற்று.

ஆறரை மணி. "முதுகு வலிக்குதா, சொந்தங்களே?"

வேறு யாரோ. கனத்த, எண்ணெய் வழியும் குரல். பேசுவதற்கு முன்னால் மூச்சே இழுக்காத ஆள்.

"லீவுல போயிருப்பான்" என்றாள் இதால்மிஸ். அடுத்த நாளும் அந்த ஆள்தான். "வேலை மாத்தியிருப்பான்யா. அங்கெல்லாம் அப்படித்தான்." அந்த வாரம் முழுக்க அந்த ஆள்தான். எங்கே போனான்? போன வாரம்கூட லைட்டை அணைத்ததும் கேட்டது அவன் மூச்சுதானே? உடம்புக்கு முடியாமல் கிடக்கிறானா, குடியேற்றத் துறைக்காரர்கள் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்களா, யாருக்குத் தெரியும்? நிவால்தோ சட்டைப்பையிலிருந்த கைப்பிடியைக் கேட்காதவர்களுக்கெல்லாம் எடுத்து நீட்டினார். கதவை அறைந்து சாத்தினார்கள். இவர் கழுத்து நீளவில்லை.

கடைசியில் ஒரு நாள், எல்லோரும் இறங்கிய பிறகு, இதால்மிஸ் மட்டும் இறங்காமல் இருந்தாள். போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இப்பவாவது தேடட்டுமா, நிவால்தோ?" கிழவா என்று சொல்லவில்லை.

அவர் அந்தப் போனைப் பார்த்தார். பயந்துவிட்டார், வேறென்ன. மணி ஆறரை ஆகப்போகிறது. இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார். இடது பக்கம் சுற்றியிருந்த வயரை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார், வலது பக்கமும் பிரித்தார். கறுப்பு வளையங்கள் இரண்டையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

"என்னய்யா பண்றே? அவ்வளவு பாடுபட்டது எதுக்கு?"

ஏறி உட்கார்ந்து, கதவை மெல்லச் சாத்தினார். லைட்டைப் போட்டார். ரேடியோ 'ங்ஙொய்ய்ங்' என்று இரைந்தது. அதற்கு அடியில் யாரோ ஒருவர் ஏதோ பேசத் தொடங்குவது மட்டும் தெரிந்தது; அது யாராகவும் இருக்கலாம். நிவால்தோ காதைக் கிட்டக் கொண்டுபோய், இரைச்சலின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.