அத்தான் சொன்ன ஆங்கிலச் சத்தியம்

1938 மார்ச் 9, புதன்கிழமை. காலையில் கிணற்றடியில் குளித்து, சவரம் செய்து, வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கினேன். கந்தோரில் வழக்கமான வேலை. மாலையில் வீட்டுக்குத் திரும்பாமல் கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன். அங்கே இருந்த அக்காவின் கணவர், அத்தானிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

என் தங்கைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை அத்தானின் தமக்கை மகன், மலாயாவில் கிளார்க். அங்கே அவனுக்கு ஒரு பெண்ணும் பிள்ளையும் இருப்பதாக விடுமுறையில் வந்த ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார். தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்குக்கு நாள் வைத்தாயிற்று. முந்திய மாதந்தான் அத்தான் மலாயா போய் அவன் வீட்டில் தங்கி வந்திருந்தார். அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

அத்தான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிகளின் தமிழை ஆங்கிலமாக்கி வயிறு வளர்த்தவர், வீட்டில் தமிழ் பேசுவதைக் குறைவாகக் கருதினார். நான் கேட்டதும் கதிரையில் நிமிர்ந்து, நெஞ்சில் கை வைத்து, "ஐ ட்ரோ, ஹீ இஸ் எ பாச்சிலர்" என்றார்.

'ட்ரோ' என்ற அந்த வினைச்சொல்லை நான் அறிவேன். செத்து இருநூறு வருடமாவது இருக்கும். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் பெரும்பாலும் 'நான்' என்பதோடு மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். கண்டதைச் சொல்ல அதை எடுப்பதில்லை. நம்புகிறேன், எண்ணுகிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் காதுக்குச் சத்தியம் போலக் கேட்கும். அதற்காகத்தான் அவர் அதைத் தோண்டி எடுத்தார்.

"அத்தான், அதைத் தமிழில சொல்லுங்கோ."

"இவ்வளவு இங்கிலீசும் விளங்காமலோ நீர் கந்தோருக்குப் போறீர்?"

"எனக்கு விளங்கும். தங்கச்சிக்கு நான் தமிழிலதான் சொல்லோணும்."

தன்னைக் கூண்டில் ஏற்றுகிறேனா என்று கேட்டார். ஓம் என்றேன். எங்கள் வீட்டில் பெண் எடுத்தவனுக்கு நான் காட்டும் மரியாதை இதுதானா என்றார். அதற்கும் ஓம் என்றேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினார்.

"சொல்லுங்கோவன்," என்றார் உள்ளேயிருந்து. "உங்களுக்குத் தமிழ் மறந்து போச்சோ?"

முப்பது வருடம் அடுத்தவன் வாக்குமூலத்தைத் தடுமாறாமல் மாற்றிக்கொடுத்த மனிதர், தன் ஒரு வரிக்கு வெற்றிலைத் தட்டைக் கிளறினார். பாக்கை வெட்டினார். கடைசியில், "அப்பிடி ஒண்டும் இராது எண்டு நினைக்கிறன்," என்றார்.

"நினைக்கிறியளோ, தெரியுமோ? நீங்கள் அவன்ர வீட்டில தங்கினனியள்."

"பிளேன்டீயைக் குடிச்சிட்டு வெளிக்கிடும்."

குடிக்கவில்லை. வாசல் படலை வரை அக்கா வந்தார். முகத்தைப் பார்த்தால் அவருக்கும் முன்பே தெரிந்திருக்கும் போலிருந்தது. அதனால் அவரிடமும் நான் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டில் தங்கை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் என்ன சொன்னார் என்றாள். நினைக்கிறாராம் என்றேன். அவள் விளக்கை வைத்துவிட்டு, "அப்ப நிப்பாட்டுங்கோ," என்றாள்.

மறுநாள் காலை சவரம்கூடச் செய்யாமல் தபாற் கந்தோர் வாசலில் போய் நின்று, கதவு திறந்ததும் மாப்பிள்ளையின் தகப்பனுக்குத் தந்தி கொடுத்தேன்: பொன் உருக்க வேண்டாம்.