மூன்று மாதம் பிந்திய பொய்

பிரெஞ்சுப் படை கப்பலிலிருந்து இறங்கிய அன்று நியூபோர்ட்டில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. ஆங்கிலேயனிடமிருந்து விடுதலை கேட்டுப் போராடிய அமெரிக்கர்களின் உதவிக்கு வந்தவர்கள்தான். ஆனாலும் ஆங்கிலேயன் மூன்று வருடம் தங்கி, வேலியையும் பழமரங்களையும் பல வீடுகளையும் பிய்த்து அடுப்பில் வைத்துவிட்டுப் போன ஊரில், இன்னொரு பட்டாளத்தை யார் வாய் நிறைய வா என்று கூப்பிடுவார்கள்? குளிர் தொடங்கியதும் அவர்களை வீடுவீடாகப் பிரித்துவிட்டார்கள். விதவை டமாரிஸ் பெக்கமின் பங்குக்கு வந்தவன் லெப்டினன்ட் மொர்வில். வெள்ளைக் கோட்டு, இருபத்தாறு வயது, தட்டுத்தடுமாறும் ஆங்கிலம்.

டமாரிஸ் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவள். போரில் சேராத, யாருக்கும் தலைவணங்காத, பொய் என்பதையே அறியாத கூட்டம். ராஜாவானாலும் ரொட்டிக்காரனானாலும் அவர்களுக்கு ஒரே மரியாதைதான்.

“கத்தியும் துப்பாக்கியும் என் கூரைக்குக் கீழ வரக்கூடாது. கோழிக்கூட்டுல வை” என்றாள்.

“கோழி யாரையாவது சுட்டுட்டா நான் பொறுப்பில்லம்மா.”

“என் கோழிக்கு உன்னைவிடப் புத்தி இருக்கு.”

“எங்க ராஜா வந்தா அவரையும் இப்படித்தான் நீ, வா, போன்னு பேசுவீங்களா?”

“வரட்டும். வாசல்ல பூட்ஸைத் துடைச்சிட்டு வரச் சொல்லு.”

நல்ல பையன். ஆங்கிலேயன் எரித்த மாடிப்படியைத் தன் ஆட்களை வைத்துப் புதிதாகக் கட்டிக்கொடுத்தான். உப்பு மீனையும் சோளக்கூழையும் முகம் சுளித்துக்கொண்டே தின்றான். வாடகை கொடுத்தான், அவள் வாங்கவில்லை, அது போர்ப் பணமாம்.

மாடியறை காலியாக இருந்ததற்குக் காரணம் அவளுடைய ஒரே மகன் ஓபெட். பத்தொன்பது வயது. ஊரில் ஒரு சுள்ளிகூட இல்லாததால் இலையுதிர் காலத்தில் படகெடுத்து அக்கரைக்கு விறகு கொண்டுவரப் போனான். ஆங்கிலேயக் கப்பல் ஒன்று வழியிலேயே பிடித்துவிட்டது. இப்போது ஆங்கிலேயன் கையிலிருந்த நியூயார்க் துறைமுகத்தில், சிறையாக மாற்றிய ஒரு பழைய கப்பலின் அடித்தட்டில் கிடந்தான். அங்கே தினமும் காலையில் முதல் வேலை, செத்தவர்களை மேலே தூக்குவது.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் மொர்வில் மூச்சிரைக்க வந்தான்.

“அம்மா, கைதிகளை மாத்திக்கப் போறோம். எங்ககிட்ட இங்கிலீஷ் மாலுமிங்க இருக்காங்க. ஆனா போர்க்கப்பல் ஆளுக்குப் போர்க்கப்பல் ஆள்தான் தருவாங்களாம். ஓபெட் பீரங்கிக்காரனா இருந்தான்னு பெத்தவ நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்.”

“அவன் விறகுக்குப் போனான்.”

“எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். தாளுக்குத் தெரிய வேண்டாமே!”

“விறகுக்குத்தான் போனான், மொர்வில்.”

“உங்களுக்குப் புள்ள வேணுமா வேண்டாமா?”

அவள் கூழைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கேட்கிற நமக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் நாற்பத்தெட்டு வருடம் பொய் பேசிப் பழகாத வாய் அது. உண்மையைச் சொன்னால் மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று மனதார நம்பினாள். ஓபெட்டின் பெயர் இல்லாமலே பட்டியல் போனது.

ஏப்ரலில் படகு வந்தது. முப்பது பேர், அத்தனையும் எலும்பு. அடுத்த தெரு மாலுமி பெலெக்கைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். டமாரிஸ் கூட்டத்தை இடித்துக்கொண்டு போனாள்.

“ஓபெட் எங்க?”

“பேர் வாசிச்சப்போ என் பக்கத்துலதான் நின்னான் அத்தை. காய்ச்சல்.” பெலெக் தரையைப் பார்த்தான். “கடைசிப் பேர் வரைக்கும் கேட்டான். அப்புறம் சிரிச்சான். ‘எங்கம்மாகிட்ட கேட்டிருப்பாங்க. அவ உள்ளதை உள்ளபடி சொல்லியிருப்பா’ன்னான்.”

“கோபமா சொன்னானா?”

“இல்ல அத்தை.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அங்கிருந்து நேராக மொர்வில்லிடம் போனாள்.

“என் மகன் போர்க்கப்பல்ல பீரங்கிக்காரனா இருந்தான். எழுதிக்கோ.”

அவன் எழுதினான். அடுத்த கைதி மாற்றத்துக்கான பட்டியலை ஊர் மன்றத்தில் உரக்க வாசித்தார்கள். “ஓபெட் பெக்கம், பீரங்கிக்காரன்” என்றதும் குவேக்கர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மே மாதம் பதில் வந்தது. பெயரின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு தேதி. அவள் அந்தப் பொய்யைச் சொன்ன நாளில் ஓபெட் செத்து ஆறு நாள் ஆகியிருந்தது. மொர்வில்லால் அதை வாயால் சொல்ல முடியவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு, புதுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். அவள் அழவில்லை.

ஜூனில் பிரெஞ்சுப் படை கிளம்பியது. மொர்வில் கோழிக்கூட்டிலிருந்து கத்தியை எடுத்து இடுப்பில் கட்டினான். “வரேம்மா” என்றான். “போ” என்றாள்.

மறுநாள் சபையிலிருந்து கெசியா என்ற மூத்த பெண் வந்தாள். தப்பு செய்தவர் தன் கைப்பட வருத்தம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைச் சபையில் வாசிப்பார்கள், பிறகு எல்லாம் பழையபடி. இல்லையென்றால் நீக்கிவிடுவார்கள்.

“ரெண்டு வரி எழுதிக் குடு, டமாரிஸ். உன் துக்கம் எங்களுக்கும் தெரியும். யாரும் உன்னைக் கரிச்சுக்கொட்டப் போறதில்ல.”

டமாரிஸ் எழுதினாள். குவேக்கர்கள் மாதத்துக்குப் பெயர் சொல்வதில்லை, எண்தான்.

‘நாலாம் மாதம் நான் ஒரு பொய் சொன்னேன். அதை முதலாம் மாதமே சொல்லாமல் போனதற்காக வருந்துகிறேன்.’

கெசியா படித்தாள். திரும்பவும் படித்தாள்.

“இதை எப்படிம்மா வாசிக்கறது? வேற எழுது.”

“வேற எழுதினா அது பொய்யாயிடும்.”

சபை அவளை நீக்கியது. அடுத்த ஞாயிறும் அவள் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரும் எழுப்பவில்லை, யாரும் பக்கத்தில் உட்காரவும் இல்லை.