தாய்மாமனுக்கு ஜப்பான் மொழியில் ஒரு சொல்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தம்பி நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் கடிதம் அடித்தவள், எனக்குச் சுலபமாக வரும் என்று நினைத்திருப்பார்கள். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

முதல் தடங்கலே 'அவர்' என்ற சொல்தான். பிறந்த அன்றிலிருந்து 'வாடா, போடா' என்று கூப்பிட்ட தம்பியை 'அவர்' என்று எழுத எனக்குக் கை ஓடவில்லை. மலர் வெளியாருக்கும் போகும், மரியாதையாக எழுதுங்கள் என்றாள் தம்பியின் மனைவி ராதா. அவள் சொல்வது சரிதான். அப்படியே எழுதுகிறேன்.

இன்னொரு காரியமும் இருக்கிறது. தம்பியின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அன்று நான் ஏதோ உளறினேன் என்று உங்களில் சிலர் ராதாவிடம் விசாரித்தீர்கள். நான் உளறவில்லை. அது என்ன என்பதையும் இதில் சொல்லிவிடுகிறேன்.

தம்பி பிறந்தது மலேசியாவில், சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா பழக்குலை வெட்டினார். அம்மா அங்கேயே, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகையில் வேலை பார்த்தார். நாங்கள் இரண்டே பேர். நான் மூத்தவள், ஐந்து வயது வித்தியாசம். எங்கள் அம்மா ஒற்றைப் பிள்ளை. அவருக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஆகையால் எங்களுக்குத் தாய்மாமன் கிடையாது. அது ஒரு குறை என்று நான் பெரியவளான அன்றுதான் தெரிந்தது. சடங்குக்கு மாலை போட மாமன் எங்கே என்று கேட்டார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைச் சட்டை மாற்றிக்கொண்டு வரச்சொல்லி நிறுத்தினார்கள். அவரும் பாவம், கூச்சத்தில் மாலையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். "மாமன் இல்லாத பொண்ணு" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. எட்டு வயதுத் தம்பியின் காதிலும் விழுந்திருக்கிறது. சாயங்காலம் என்னிடம் வந்து, மாமன் என்றால் என்ன வேலை என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த வேலை எனக்கு வேண்டும் என்றார்.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். தம்பி ஐந்தாம் படிவம் முடித்த கையோடு சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். பகலில் வேலை, சாயங்காலம் தொழில்நுட்ப வகுப்பு என்று நான்கு வருடம். பிறகு பினாங்குத் தீவுப் பக்கம் வந்து இயந்திரப் பராமரிப்பில் கடைசி வரை இருந்தார். கோபித்துக்கொண்டு பேசி நான் பார்த்ததில்லை. எந்தப் பொருள் கெட்டாலும் தூக்கிப்போட விடமாட்டார். என் வீட்டு மின்விசிறிக்கு மூன்று ஆயுள் கொடுத்தவர்.

என் மகள் யாழினி பிறந்தபோது தம்பி கேட்ட வேலை கிடைத்துவிட்டது. அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினோம். பிள்ளை அழுவதற்கு முன் அவர் அழுதார். யாழினி படிக்க ஜப்பானுக்குப் போனதும், அங்கேயே ஒசாக்காவில் வேலைக்குச் சேர்ந்ததும் அவர் கொடுத்த தைரியத்தில்தான். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இன்றைக்கும் காலையில் எழுந்ததும் ஒசாக்காவில் மழையா, நில நடுக்கமா என்று கைப்பேசியில் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

அங்கே ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று யாழினி சொன்னபோது மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பையன் பெயர் கென்ஜி. தம்பி அதைக் கேட்டதும் சிரித்தார். "பேருலயே கெஞ்சுறான்கா. குடுத்துடுவோம்லா."

கென்ஜி முதல் தடவை பினாங்குக்கு வந்தபோது ஜெலுத்தோங்கில் தம்பி வீட்டில் விருந்து. ராதா மீன் குழம்பு வைத்திருந்தாள். பையன் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். தோட்டத்தில் மண்வெட்டியோடு ஒரு பெரிய மனிதர். படத்தைத் தொட்டு, "சிச்சி" என்றார். ராதா கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, பெத்த அப்பன் படத்தக் காட்டி சீச்சீங்கிறான். நம்ம புள்ளைய எப்படி வச்சுக்குவான்?"

தம்பிதான் பையனிடம் ஆங்கிலத்தில் கேட்டார். சிச்சி என்றால் அவர்கள் மொழியில் அப்பாவாம். தம்பிக்குப் புரை ஏறும் வரை சிரிப்பு. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த அப்பாவே தொலைபேசியில் கூப்பிட்டார். பையன் எடுத்ததும் "ஒதோசான்" என்றார். தம்பி அதைக் கவனித்துவிட்டார். ஒரே அப்பாவுக்கு எதற்கு இரண்டு பெயர்? அது தெரியாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜார்ஜ் டவுனில் ஒரு கடை மாடியில் நடக்கும் ஜப்பான் மொழி வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். நடத்துவது, பணி ஓய்வு பெற்று இங்கே வந்து தங்கிய ஒரு ஜப்பானிய அம்மா. கூடப் படித்தவர்கள் எல்லாம் கேலிச்சித்திரப் படம் பார்த்து மொழி மேல் ஆசைப்பட்ட பிள்ளைகள். நடுவில் தொழிற்சாலைச் சட்டையோடு நம் தம்பி. பிள்ளைகள் 'அங்கிள்' என்று இடம் பிடித்து வைப்பார்களாம். எழுத்தெல்லாம் எனக்குப் பிறகு வந்தால் போதும், சொந்தக்காரர்களுக்குச் சொல்கிற வார்த்தைகளை முதலில் கொடுங்கள் என்று ஆசிரியையிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வருவார். சாப்பாட்டு மேசையில் நோட்டுப் புத்தகத்தை விரிப்பார். என் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து தொலைக்காட்சிப் பக்கம் போய்விடுவார். நான்தான் மாட்டிக்கொள்வேன். அக்காவுக்கு அங்கே 'அனே' என்று பெயர் எனத் தெரிந்த நாளிலிருந்து என்னை "அண்ணே" என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மீன், காய்கறி வாங்கப் போகும் பாசாரில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு 'ஹஹா'. "அங்க அம்மான்னாலே சிரிப்புதான். நீதான் எப்பப் பாரு மூஞ்சத் தூக்கி வச்சிருக்க" என்பார்.

இரண்டு பெயர் ஏன் என்பதும் தெரிந்துவிட்டது. வெளியாரிடம் பேசும்போது நம் வீட்டு ஆளைத் தணித்துச் சொல்ல வேண்டுமாம்; அவர்கள் வீட்டு ஆளை உயர்த்திச் சொல்ல வேண்டுமாம். கூப்பிடும்போதும், அடுத்தவர் வீட்டு ஆளைச் சொல்லும்போதும் 'சான்' சேரும். நம் வீட்டு ஆளை வெளியாரிடம் சொல்லும்போது சான் கிடையாது. பையன் அன்றைக்கு எங்களிடம் அப்பாவைச் 'சிச்சி' என்றது மரியாதைக் குறைவு இல்லை. எங்கள் மேல் வைத்த மரியாதை.

நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அந்த வீட்டில் என் பிள்ளை யாராக இருப்பாள்? அவர்களுக்கு நாங்கள் யார்? மாமியாரையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தபோது எனக்கு முகம் வாடிவிட்டது. தம்பி நோட்டைத் திருப்பிக் காட்டினார். "வெளிய சொல்றப்ப அந்தம்மாவுக்கு 'கிரி'ன்னு முன்னால ஒண்ணு சேக்கணும்கா. வெறும் ஹஹா நீ மட்டும்தான். போதுமா?" போதும் என்று சொன்னேன். ஆனால் போதவில்லை. அவருக்கும் அது தெரியும்.

அவருடைய சொல் மட்டும் கிடைக்கவேயில்லை. மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோருக்கும் ஒரே சொல்தான், 'ஓஜி'. மரியாதையாகச் சொன்னால் 'ஓஜிசான்'. தெருவில் போகிற நடுவயதுக்காரரும் ஓஜிசான்தான், நம் ஊரில் மீன் விற்பவரும் அங்கிள், வாடகைக் காடி ஓட்டுபவரும் அங்கிள் என்கிற மாதிரி. தாய்மாமனுக்கென்று தனியாக ஒன்றுமில்லையா என்று ஆசிரியையைக் கேட்டுக் கேட்டு, அந்த அம்மா கடைசியில் 'அம்மாவின் தம்பி' என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள் என்றாராம்.

அதோடு விடவில்லை. ஒரு நாள் காணொளி அழைப்பில் கென்ஜியிடமே கேட்டார், உங்கள் ஆட்களிடம் என்னை என்னவென்று சொல்வீர்கள் என்று. பையன் யோசித்து, 'யாழினிசானின் ஓஜிசான்' என்றார். தம்பி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அழைப்பு முடிந்த பிறகு என்னிடம் சொன்னார்.

"இன்னும் நம்ம வெளியாளுதான்கா. ரெண்டு பேருக்கும் சான் போட்டுட்டான். என்னைக்கு அந்தப் பையன் சான் இல்லாம என்னை ஓஜின்னு வெளிய சொல்றானோ, அன்னைக்கு நீ நிம்மதியாத் தூங்கு."

திருமணம் இங்கே கோயிலில் நடந்தது. தாய்மாமன் மாலை போட்டு யாழினியின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தபோது தம்பி நடந்த நடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, இரண்டு மாதம் மனப்பாடம் செய்ததைச் சொல்லி முடித்துக் குனிந்து வணங்கினார். "ஹஹா நோ ஒதோதோ தெஸ்." நான் அம்மாவின் தம்பி. அவர்கள் ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹஹா என்றால் சொல்கிறவருடைய சொந்த அம்மா. யாழினியின் அம்மா என்று சொல்ல மறந்துவிட்டார். யாழினி வாயைப் பொத்திக்கொண்டாள். கென்ஜியின் அம்மாதான் எழுந்து வந்து, மெதுவாகத் திருத்திச் சொல்லிக் கொடுத்து, அவரைவிடத் தாழக் குனிந்து வணங்கினார். தம்பி திரும்ப வணங்கினார். அந்த அம்மா மறுபடி வணங்கினார். சாப்பாடு ஆறிவிட்டது.

பிறகு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கு நானே தாய்மாமன் ஆயிட்டேன்கா. நம்மளுக்குத்தான் மாமன் இல்லைன்னு சொன்னாங்கல்ல? ஆள் வந்தாச்சு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் நான்கு மாதம்தான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பாசாரிலிருந்து கூப்பிட்டு, "அண்ணே, கெம்போங் மீன் நல்லா இருக்கு, வாங்கவா?" என்றார். வேண்டாம், நேற்று வாங்கியதே இருக்கிறது என்று வைத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு ராதாவிடமிருந்து அழைப்பு வந்தது. மீன்கடைக்கு முன்னாலேயே விழுந்துவிட்டாராம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. இதயம் என்றார்கள். அவர் பொருட்களோடு மீன் பையும் வந்தது. எனக்குத்தான் வாங்கியிருக்கிறார்.

மறுநாள் காலை யாழினியும் கென்ஜியும் தம்பியின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். யாழினியை நான் பிடித்துக்கொண்டு நின்றேனா, அவள் என்னைப் பிடித்தாளா என்று இன்றைக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கென்ஜி வெளியே போய் மின்தூக்கிப் பக்கம் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். சாப்பிடாமல் நிற்கிறாரே என்று ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு போனேன். எதிரில் யாரும் இல்லை. ஆனாலும் குனிந்து குனிந்துதான் பேசினார். எனக்கு அந்த மொழி தெரியாது. சனிக்கிழமைகளில் மேசையில் காதில் விழுந்த பத்து வார்த்தைதான். அந்தப் பத்தில் ஒன்று கேட்டது. ஓஜி.

யாழினி என் பின்னால் வந்து நின்றாள். என்ன பேசுகிறார் என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல லீவு சொல்றாரும்மா. மாமா இறந்துட்டாருன்னு."

"சான் போட்டாரா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நம்ம ஆளுக்கு யாரும்மா சான் போடுவா?"

நான் தண்ணீர்ப் புட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, "டேய், சான் போயிடுச்சுடா. போயிடுச்சு" என்றேன். இதைத்தான் நீங்கள் கேட்டீர்கள். துக்கத்தில் புலம்புகிறேன் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். நான் புலம்பவில்லை. அவர் காத்திருந்த செய்தியைச் சொன்னேன்.

பாசாரில் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தம்பியின் தலையை மடியில் ஏந்திக்கொண்ட மீன்கடை அம்மாவுக்கும், தன் காடியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ராதா வரும் வரை காத்திருந்த மலாய்க்காரச் சகோதரருக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இருவர் பெயரும் தெரியாது. மூன்று நாளும் எல்லோருக்கும் சமைத்துப் போட்ட அடுக்குமாடி வாசிகளுக்கும், தோளில் தூக்கிச் சென்ற தொழிற்சாலை நண்பர்களுக்கும், காரியங்களைக் குறைவில்லாமல் செய்த தம்பியின் மகன் தருணுக்கும் நன்றி. வகுப்புப் பிள்ளைகளோடு வந்து, தம்பியின் நோட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்த ஒரு தப்பைச் சிவப்பு மையால் திருத்தி, கீழே ஒரு வட்டம் போட்டுக் கொடுத்த ஆசிரியை அம்மாவுக்கு நன்றி. அங்கே சரி என்பதற்கு வட்டம்தான் போடுவார்களாம். ஒசாக்காவிலிருந்து கடிதம் எழுதிய சம்பந்தி அம்மாவுக்கு நன்றி.

ராதா, நீ சொன்னபடி இது வரை 'அவர்' என்றே எழுதிவிட்டேன். கடைசி வரியை மட்டும் அந்த ஊர் வழக்கப்படி எழுதிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

என் தம்பி செத்துப்போய்விட்டான். எங்கள் வீட்டு ஆள் அவன்.