நீல விரல்கள்

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, வேலூரில் ஒரு மருத்துவமனையில் இதயநோய் மேற்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். ஸ்டென்ட் வைப்பதில் கை நன்றாகப் பழகியிருந்தது. அதோடு கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஒரு மதியம், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவரை மாரடைப்போடு கொண்டு வந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். விவரம் கேட்க நேரமில்லை. வலது கை முழுவதும் பச்சைத் துணியால் மூடி, மணிக்கட்டு மட்டும் தெரிய, அங்குள்ள ரத்தக்குழாய் வழியாகக் குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கினேன். எல்லாம் சுமுகமாக முடிந்தது. துளை போட்ட இடத்தில் காற்றடைத்த பட்டையை இறுக்கிக் கட்டி வார்டுக்கு அனுப்பினோம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருப்பதால், அந்தப் பட்டையை மணிக்கணக்கில் விட்டு, சிறுகச் சிறுகத்தான் தளர்த்த வேண்டும்.

அரை மணி நேரம் கழித்துப் பார்க்கப் போனேன். விரல்கள், நகம் எல்லாம் நீலம்! பட்டை ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டதோ என்று அவர் பக்கம் குனிந்தேன்.

"கை மரத்துப் போச்சா?"

"கொஞ்சம் மரமரன்னுதான் சார் இருக்கு."

அது போதாதா? பட்டையின் காற்றை மொத்தமாக இறக்கிவிட்டேன். மறுகணம் ரத்தம் பீறிட்டது.

"அய்யோ, இன்னா சார் ரத்தம் இப்டி வருது?" என்று அவர் மனைவி அலறினார்.

கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டேன். அதற்குள் முன்கை புடைத்துக்கொண்டு வந்தது. வீக்கம் கூடினால் கையைக் கிழித்து ஆபரேஷன் செய்ய வேண்டி வரும். அந்தக் கையை நம்பித்தான் அவர் குடும்பம் இருக்கிறது.

"விரலெல்லாம் நீலமா இருந்துச்சு, அதான் தளர்த்தினேன்" என்று நர்ஸிடம் சொன்னேன்.

படுத்திருந்தவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். அதுவும் அதே நீலம்.

"அது சாயம் சார். ஷாப்ல ஒரு வாரமா நீல கலர் ஓடுது. இன்னா தேச்சாலும் போவாது."

இன்னொரு கையைப் பார்க்க ஒரு நொடி ஆகியிருக்குமா? எனக்கு அது தோன்றவே இல்லை.

எங்கள் பேராசிரியர் விரைந்து வந்தார். "ஏன்பா இவ்வளவு சீக்கிரம் அவுத்த?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நோயாளி முந்திக்கொண்டார்.

"டாக்டர் மேல தப்பு இல்ல சார். சாயக் கைன்னு நான்தான் மொதல்லயே சொல்லாம விட்டுட்டேன்."

மாரடைப்பில் துடித்துக்கொண்டு வந்த மனிதர் அதை எப்போது சொல்லியிருக்க முடியும்? நான் எதுவும் பேசவில்லை. பேராசிரியரும் மேற்கொண்டு கேட்கவில்லை. இருபது நிமிடம் அழுத்தியதில் ரத்தம் நின்றது. மறுநாள் வீக்கம் வடிந்தது. நான்காம் நாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஆம்பூர் பஸ் ஏறினார்.

இன்று யாரைத் தொடுவதற்கு முன்னும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கிறேன், இரண்டு கைகளையும் பார்க்கிறேன். ஆனால் தவறு என்னுடையது என்று அந்த மனிதரிடம் சொல்ல அந்த நான்கு நாட்களில் ஒருமுறைகூட எனக்கு வாய் வரவில்லை என்பதுதான் இப்போதும் என்னை உறுத்துகிறது.