லாம்பிரேயின் புள்ளிக்கோடு

லாம்பிரே மீனை நான் கண்ணால் கண்டதில்லை. எங்கள் குளங்களிலும் அது இல்லை, கடலிலும் இல்லை. ஆனாலும் தர்மபுரத்தில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியலில் வருடந்தோறும் அதைப் படிப்பிக்கிறேன். படத்தைக் கண்டவுடன் யாராவது ஒருத்தி, "விலாங்குதானே டீச்சர்" என்பாள். எனக்கு விசர் பிடிக்கும். விலாங்குக்குத் தாடை இருக்கிறது, இதற்கு இல்லை. வட்டமான வாய், அதற்குள் சுற்றிவரப் பல். சில இனங்கள் மற்ற மீன்களில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். உடம்பு நீளம் என்பதற்காக இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதென்றால் சாரைப்பாம்பையும் சேர்க்க வேண்டியதுதான்.

உயிரினங்களை வகைபிரிக்கிற பாகுபாட்டில் இந்த மீன் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. தாடையில்லாத இன்னொன்றும் உண்டு, ஹாக்மீன். கடலடியில் சளியைக் கக்கிக்கொண்டு கிடப்பது. முதலில் இரண்டையும் வட்டவாயிகள் என்று ஒரே கூட்டத்தில் வைத்தார்கள். பிறகு, லாம்பிரேக்கு முள்ளந்தண்டின் சின்னத் துண்டுகள் தெரிகின்றன, மற்றதற்கு அதுவும் ஒழுங்காக இல்லை என்று பிரித்தார்கள். இப்போது ஜீன் என்கிற பரம்பரையலகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் சேர்த்திருக்கிறார்கள். "அப்ப சோதினையில எதை எழுதுறது டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டால், "உங்கட புத்தகத்தில என்ன கிடக்கோ அதை எழுதுங்கோ" என்பேன். வேறென்ன சொல்ல.

அன்றைக்குக் கரும்பலகையில் அதன் பரிணாமத்தைக் காட்டும் கூர்ப்பு மரத்தைக் கீறினேன். லாம்பிரேக்கு எலும்பு இல்லை, காதுமடலில் இருப்பதுபோல வெறும் கசியிழையம்தான். செத்தால் உக்கிப்போய்விடும், பாறையில் பதிந்த உயிர்ச்சுவடு கிடைப்பது அருமை. டைனோசருக்கும் முந்திய பாறைகளில் ஒன்றிரண்டு கிடைத்திருக்கின்றன. அவை கிட்டத்தட்ட இன்றைய லாம்பிரே மாதிரியே இருக்கின்றன. இடையில் நெடுங்காலத்துக்கு அநேகமாக ஒன்றுமில்லை. அந்த இடத்தைப் புள்ளிக்கோடாகக் கீறுவோம்.

பிள்ளைகள் போன பிறகு அண்ணி தேத்தண்ணியோடு வந்து பலகையைப் பார்த்தபடி நின்றார். எங்களுக்குள் ஒரு கதை முடியாமல் கிடந்தது. அண்ணியின் மகளுக்குக் கலியாணம். அழைப்பிதழில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'அமரர்' போடுவதா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்தார்கள். முள்ளிவாய்க்காலில் போரின் கடைசி நாட்களில் பதுங்குகுழியிலிருந்து தண்ணீர் எடுக்கப் போன என் அண்ணா திரும்பி வரவில்லை. கண்டவர் இல்லை, உடலும் இல்லை. அண்ணி இன்றுவரை பொட்டை அழிக்கவில்லை. போடுவோம் என்று நான் நின்றேன். வேண்டாம் என்று அண்ணி நின்றார்.

"உந்தப் புள்ளி வைச்ச இடத்தில என்ன? அதுகள் செத்துப்போச்சோ?"

"இல்லை அண்ணி. அந்தக் காலத்துச் சுவடு கிடைக்கேல்ல. அவ்வளவுதான்."

"கிடைக்காட்டியும் கோடு கீறுவினமோ?"

"ஓம்."

"அப்ப இவருக்கு மட்டும் ஏன் அமரர்?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் எனக்கும் அண்ணாதானே. எத்தனையோ வருடமாக அழுது ஒருமாதிரி அடக்கி வைத்திருந்ததை ஏன் கிளறுகிறார்? "அண்ணி, இண்டைக்கும் எங்கயோ ஆறுகளில லாம்பிரே உயிரோட இருக்கு. அதாலதான் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்டும் இல்லாட்டி அழிஞ்சுபோச்செண்டுதான் எழுதுவம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன்.

அண்ணி தேத்தண்ணியை மேசையில் வைத்தார்.

"இந்தப் பக்கம் அவற்ர பிள்ளை நிக்கிறாள்" என்றார்.

விடைத்தாளில் எழுதியிருந்தால் பிழை போட்டிருப்பேன். பிள்ளை நிற்பது தகப்பன் இருந்தார் என்பதற்குத்தான் சாட்சி, இருக்கிறார் என்பதற்கு அல்ல. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பிழை போட என்னால் ஏலவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் எடுத்து, வெறும் பெயரை மட்டும் போடுங்கோ என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. அண்ணா இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

கலியாணம் பரந்தனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தகப்பன் இடத்தில் நின்று தாரைவார்க்க அண்ணியின் தம்பியையும் மனைவியையும் ஒழுங்குபண்ணியிருந்தோம். ஐயர் வெளியூரிலிருந்து வந்தவர். அவருக்கு விசயத்தைச் சொல்ல ஆளுக்காள் மறந்துபோனோம். அவர் அழைப்பிதழைக் கையில் எடுத்து, அண்ணாவின் பெயரை முழுதாக வாசித்து, "பொம்பிளையின்ர தகப்பனார், மணவறைக்கு வாங்கோ" என்று ஒலிவாங்கியில் கூப்பிட்டார்.

மேளம் அப்போதுதான் நின்றிருந்தது. மணவறையில் இருந்த மகள் தலையை நிமிர்த்தினாள். அண்ணி மெல்லத் திரும்பி மண்டப வாசலைப் பார்த்தார்.

நானும் வாசலைத்தான் பார்த்தேன்.